சத்தத்துக்குப் பழகின பிள்ளை

என் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கை தட்டாதீர்கள். சொடக்குப் போடாதீர்கள். சாவிக்கொத்தை அவன் காதுப் பக்கம் ஆட்டிவிட்டு, "தோ பாரு, கண்ண சிமிட்டிட்டான், கேக்குது கேக்குது" என்று குதிக்காதீர்கள். இத்தனை மாதமாக இதையே பார்த்துப் பார்த்து எனக்குக் குமட்டுகிறது. முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய்த் தட்டினால் காற்று அடிக்கும். யாராக இருந்தாலும் கண் சிமிட்டும். உங்கள் மூக்குக்கு நேரே நான் தட்டிக் காட்டட்டுமா?

கோபத்தோடு ஆரம்பித்துவிட்டேன். பரவாயில்லை, இப்படித்தான் எனக்கு எழுத வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "அக்கா, இதெல்லாம் யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்ளோ நாள் விட்டிருக்க மாட்டேன்" என்று அழுதாள். அவளுக்காகவும் அவளைப் போல இன்னும் வரப்போகிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரேவதி. மாமல்லபுரத்தில் இருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் பில்லிங் கவுண்டர் வேலை. வீட்டுக்காரர் சரவணன், என் அத்தை மகன். வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய கல் பட்டறை. பிள்ளையார், புத்தர், ரிசார்ட் வாசலில் நிறுத்துகிற யானை எல்லாம் அங்கே செய்வார்கள். சிற்பப் பட்டறை என்றதும் வெளியூர்க்காரர்கள் உளிச் சத்தம் சங்கீதம் மாதிரி கேட்கும் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். உளி கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் நாள் முழுக்கக் கட்டர் மெஷின். அது கருங்கல்லில் இறங்கும்போது பல் கூசும், தலைக்குள் ஏதோ கிழிகிற மாதிரி இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். "சோறு துன்னியா" என்று கேட்பதே சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் என் பிரசவத்துக்கு எல்லாமே அத்தைதான். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, எனக்கு மாமியாரும் அவரே. செங்கல்பட்டில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சிசேரியன் ஆகிப் படுத்திருந்தபோது தரையில் பாய் விரித்து என் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தார். என் ரத்தத் துணியை முகம் சுளிக்காமல் அலசினார். பூண்டுக் குழம்பும் சுடுசோறும் பிசைந்து ஊட்டினார். நல்ல மனுஷி. இதை இப்போதே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி நான் எழுதப்போவது எதுவும் அவ்வளவு நன்றாக இருக்காது.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் ஒரு பெண் செல்போன் அளவில் ஒரு மெஷினோடு ரூமுக்கு வந்தாள். குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனை ஒன்றை வைத்தாள். அதிலிருந்து டிக் டிக் என்று சத்தம் போகும். உள் காது சரியாக இருந்தால் அந்தச் சத்தத்துக்குப் பதிலாக ரொம்ப மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அதை மெஷின் பிடித்துவிட்டால் 'பாஸ்' என்று காட்டும். பிடிக்காவிட்டால் 'ரெஃபர்'. ரெஃபர் என்றால் செவிடு என்று அர்த்தம் இல்லை. சும்மா விடாதே, மறுபடி பார் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் செல்போனில் சீரியல் அலறிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ரெஃபர் வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

ரவுண்ட்ஸ் வந்த குழந்தை டாக்டரிடம் கேட்டேன். "பொறந்த குழந்தைங்க காதுல தண்ணி, அழுக்கு எல்லாம் இருக்கும்மா. நிறைய பேருக்கு இப்படித்தான் வரும். பயப்படாதீங்க" என்றார். அது பொய் இல்லை. நிறையக் குழந்தைகளுக்கு அப்படி வந்து இரண்டாவது டெஸ்ட்டில் சரியாகிவிடுமாம். ஆனால் அந்த இரண்டாவது டெஸ்ட்டை எப்போது எடுக்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக குழந்தையின் காலில் மை தடவி, தடத்தை எடுத்து, பலூன் படம் போட்ட ஃபிரேமில் மாட்டி, சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தார்கள். காதைப் பற்றிச் சொல்ல நேரமில்லாதவர்களுக்குக் காலுக்கு ஃபிரேம் போட நேரம் இருந்தது. அந்த ஃபிரேமை நான் இன்னும் சுவரில் மாட்டவில்லை.

வீட்டுக்கு வந்தோம். பிள்ளைக்குக் கவின் என்று பெயர் வைத்தோம். பட்டறையை ஒட்டிய அறையில்தான் தூளி கட்டியிருந்தது. பின்னால் கட்டர் ஓடும், இவன் தூங்குவான். அப்படி ஒரு தூக்கம். மற்ற வீடுகளில் குழந்தை தூங்குகிறது என்று கால் கட்டைவிரலில் நடப்பார்களே, அந்தத் தொல்லையே எங்களுக்கு இல்லை. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

"வயித்துல கீறப்பவே கட்டர் சத்தம் கேட்டு வளந்தவன். பழகிப் போச்சு அவனுக்கு. பட்டறை வூட்டுப் புள்ளன்னா சும்மாவா!"

புத்தர் சிலைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்கூட அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். இதே அத்தை இதற்கு முன் இரண்டு பிள்ளைகளை இதே பட்டறைச் சத்தத்தில் வளர்த்தவர். சரவணனும் அப்படித்தான் தூங்கினான் என்பார். அதை யார் போய்ச் சரிபார்ப்பது?

எனக்குச் சந்தேகம் வந்தது வேறு விதமாக. அவன் பசித்து அழும்போது நான் அடுப்படியில் இருப்பேன். "தோ வந்துட்டேன்டா தங்கம்" என்று குரல் கொடுப்பேன். அழுகை துளியும் குறையாது. ஓடிவந்து குனிவேன். என் முகம் தெரிந்ததும் சட்டென்று நிற்கும். என்னோடு வேலை செய்யும் பெண்ணின் குழந்தை, இவனைவிடச் சின்னது, போனில் அவள் குரலைக் கேட்டாலே அடங்கும் என்று அவள் சொன்னாள்.

சரவணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தரையில் பாயில் படுக்க வைத்தார். பின்பக்கம் பார்த்து, "டேய், கட்டர போட்றா" என்று கத்தினார். கட்டர் பாய்ந்தது. கவின் கையைக் காலை உதறிவிட்டுக் கண்ணை அகல விரித்தான்.

"பாத்தியா? இன்னா மூஞ்ச தூக்கி வச்சினு கீற? அவனுக்கு நல்லா கேக்குது போ."

நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? ஆனால் மறுநாள் அவன் தூளியில் விழித்துக் கிடந்தபோது அதே கட்டர் ஓடியது. ஒரு அசைவு இல்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். தூக்கிப் பாயில் போட்டேன். உடனே கை கால் உதறல். அப்போதுதான் என் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தரை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை முதுகால் கேட்டுக்கொண்டிருந்தான், காதால் அல்ல.

"அத்த, சத்தம் கேட்டு இல்ல, தரை அதிருது, அதான் பாக்கறான்" என்றேன்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி? ராசா மாதிரி கீற புள்ளைக்கு இல்லாத நோவ நீயே இட்டுக் கட்டறியே!"

அதற்குப் பிறகு சொந்தமும் அக்கம்பக்கமும் வந்து வீட்டில் தினமும் ஒரு நாடகம். ஒருத்தி தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவாள். இன்னொருத்தி பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாயா, காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டாயா, எவளோடு சண்டை போட்டாய் என்று விசாரணை வேறு. தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பிள்ளையின் காதில் விடப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நேராகத் தூளிக்கே வந்துவிட்டாள். அந்தக் கிண்ணத்தை வாங்கி வாசலில் கொட்டினேன். வீட்டுக்கு வந்தவளை அவமானப்படுத்திவிட்டேன் என்று அத்தை என்னோடு பேசவில்லை. பேசாமலே மூன்று வேளையும் சுடச்சுடச் சோறு மட்டும் வைத்தார்.

மூன்றாவது மாதத் தடுப்பூசிக்கு அதே நர்சிங் ஹோமுக்குப் போனோம். அதே டாக்டர். ஃபைலைப் புரட்டிவிட்டு, "ரெண்டாவது தடவ காது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "என்னம்மா, படிச்சவங்கதானே நீங்க? இப்படி அலட்சியமா இருந்தா எப்படி?" என்று என்னைத் திட்டினார். பயப்படாதே என்று சொன்ன அதே வாய். எனக்கு வந்த அருவருப்பில் அந்த மேஜையிலேயே வாந்தி எடுத்திருப்பேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு செங்கல்பட்டிலேயே அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எடுத்தது பெரா என்கிற டெஸ்ட். பயப்பட ஒன்றுமில்லை, ஊசி இல்லை, வலி இல்லை. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒயர் வைத்த ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். காதில் சத்தம் கொடுப்பார்கள். சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போனால் கம்ப்யூட்டரில் அலை அலையாகக் கோடு எழும்பும். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கினால் போதும். அசைந்தாலோ அழுதாலோ கோடெல்லாம் குழம்பிவிடும். அதனால்தான் அந்த விசித்திரமான உத்தரவு: வரும் வழியில் குழந்தையைத் தூங்க விடாதீர்கள், இங்கே வந்தபின் பால் கொடுத்துத் தூங்க வைத்துக்கொள்ளலாம்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஒரு கைக்குழந்தையைத் தூங்காமல் வைத்திருந்து பாருங்கள், தெரியும். தாலாட்டவே செய்த வண்டி அது. கவினின் கண் செருகச் செருக நான் அவன் உள்ளங்காலைச் சுண்டினேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். முன் சீட்டுக்காரி திரும்பினாள்.

"இன்னாமா தாயா நீ? கொழந்த பாவம் தூங்குது, கிள்ளி கிள்ளி எழுப்பிகினே கீற!"

பக்கத்தில் இருந்த அத்தைதான் அவளோடு சண்டைக்குப் போனார். "எங்க புள்ள, நாங்க எழுப்புவோம், உனுக்கு இன்னா வந்துச்சு?" என்று பஸ்ஸே அதிரக் கத்தினார். டெஸ்ட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வெளியாள் என்னைச் சொன்னால் விடமாட்டார்.

காத்திருக்கும் கூடம் ஒரு நரகம். தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ், மூலையில் வெற்றிலைக் கறை, ஓடாத ஃபேன், ஓடும் டிவி. பெஞ்சு நிறைய அம்மாக்கள், எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் பாதத்தைச் சுண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பால் கட்டி என் ஜாக்கெட் நனைந்து நாறியது. எங்கள் முறை வந்தபோது கவின் தூங்கினான், ஸ்டிக்கர் ஒட்டியதும் விழித்துவிட்டான். அவ்வளவுதான், இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி பஸ், மறுபடி உள்ளங்கால், மறுபடி ஏச்சு.

இரண்டாவது முறை டெஸ்ட்டுக்கு முன்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்ததா, கர்ப்பத்தில் அம்மை போட்டதா, சொந்தத்தில் கல்யாணமா? அத்தை மகன் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுதினார்கள். ஏதோ நான் நடுத்தெருவில் அசிங்கம் பண்ணினவள் மாதிரி. கேட்க வேண்டிய கேள்விதான், சொந்தத்துக்குள் கட்டினால் இப்படி வர வாய்ப்பு கூடுதல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் கேட்கிற முகம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? "என் தம்பி பொண்ண நான் வெளிய குடுக்க மாட்டேன்" என்று அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்ற அத்தை, முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

இந்த முறை கவின் நன்றாகத் தூங்கினான். திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, அலை எழும்பவே இல்லை. கடைசியில்தான் ஏதோ சின்னதாகத் தூக்கியது.

டெஸ்ட் எடுத்த தீபா மேடம் காது கேட்கும் திறனைப் பார்ப்பதற்கென்றே படித்தவர், என்னைவிடச் சின்ன வயது. எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "ரெண்டு காதுலயும் நரம்பு பக்கம் பிரச்சனை. ரொம்ப கடுமையான குறைபாடும்மா. நாம பேசறது எதுவும் பாப்பாவுக்குக் கேக்காது. ஆனா நீங்க நல்ல நேரத்துல வந்துட்டீங்க. ஆறு மாசத்துக்குள்ள ஹியரிங் எய்டு போட்டுட்டா பேச்சு வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. மூளை சத்தத்தக் கத்துக்கற வயசு இது. விட்டுட்டா அப்புறம் எவ்ளோ பெரிய மெஷின் போட்டாலும் கஷ்டம்."

அழுகை வரவில்லை எனக்கு. இத்தனை நாள் நான் பைத்தியக்காரி இல்லை என்று ஒருவர் சொன்ன மாதிரி இருந்தது. அத்தைதான், "மெஷினு தப்பா காட்டுது" என்றார். வீட்டுக்கு வந்ததும் சரவணனும் அதையே பிடித்துக்கொண்டார். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. ஆறு மாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கெஞ்சி, சண்டை போட்டு, அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என் கண்ணால பாத்தேன் மேடம். கட்டர் போட்டா திரும்பறான்" என்று தீபா மேடத்திடம் அடித்துச் சொன்னார்.

தரை அதிரும் விஷயத்தை மேடமும் விளக்கினார். இவர் ஏற்கவில்லை. "சரி சார், உங்க எதிர்லயே சத்தம் போட்டுக் காட்டறேன், நீங்களே பாருங்க" என்று ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சுவரெல்லாம் மெத்தை வைத்த அறை. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் எதுவும் வராது. மூலைக்கு ஒரு ஸ்பீக்கர். சரவணன் கவினை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். நான் ஓரமாக ஸ்டூலில். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

முதலில் மேளம் மாதிரி ஒரு கனத்த சத்தம். சரவணன் கேட்கிறது என்று தலையாட்டினார். கவின் அசையவில்லை. பிறகு மெல்லிய விசில் ஒன்று ஆரம்பித்தது. ஏற ஏற எனக்குக் காது கூசியது. கவின் அப்பாவின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

சரவணன் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். "அடுத்தத போடுங்க மேடம்! இன்னா, கரண்ட் பூடுச்சா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. விசில் அறையை நிறைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மேடத்தின் கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னா முழிக்கறீங்க ரெண்டு பேரும்?"

"விசில் அடிக்குது மாமா."

"எங்க?"

மேடம் வந்து குழந்தையை என்னிடம் கொடுக்கச் சொன்னார். சரவணனுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார். ரொம்ப நேரம் கை மடியிலேயே கிடந்தது. மெல்லிய சத்தங்கள் எல்லாம் அவருக்கு எப்போதோ போய்விட்டன. எத்தனை வருஷமாகக் கட்டர் பிடிக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். பத்தாவது ஃபெயில் ஆனதிலிருந்து என்றார். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. பிள்ளைக்கு வந்தது பிறவியில், உங்களுக்கு வந்தது மெஷினால், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மேடம் தனியாக எடுத்துச் சொன்னார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். சத்தியமாக வரவில்லை. உடம்பெல்லாம் எரிச்சல்தான் வந்தது. என் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று இத்தனை நாள் சாட்சி சொன்னவர்கள் யார்? கட்டர் சத்தத்தில் காதைத் தொலைத்துவிட்டு, அது தொலைந்ததுகூடத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு வீடு. இவர்களை நம்பியா நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

சரவணன் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் பாட்டுக்கு, வராந்தா முழுவதும் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்.

"அப்போ இவ்ளோ நாளா நீ பேசனது பாதி என் காதுல உழவே இல்லையா?"

"அதனாலதான் நான் பேசறதையே நிறுத்திட்டேன்" என்றேன். அவர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

டீயும் பன்னும் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. பஸ்ஸில் கவினை அவரே வைத்துக்கொண்டார். வழி முழுக்கத் தன் முரட்டு விரலால் அவன் காது மடலைத் தடவிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து அவர் என் கட்சி.

ஹியரிங் எய்டு மாட்ட முதலில் காதுக்குள் ரோஸ் நிற மாவு மாதிரி ஒன்றை அடைத்து அச்சு எடுப்பார்கள். வலிக்காது, ஆனால் பிள்ளை வீறிடும், பார்க்கச் சகிக்காது. வளர வளர அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே ஏஜெண்டுகள் கார்டை நீட்டுவார்கள். "உள்ள லேட் ஆவும் மேடம், நம்ம கடைல இன்னிக்கே போட்டுக்கலாம்" என்று குழந்தையின் காதை ஆட்டுக் காதுபோல இழுத்துப் பார்த்த ஒருவனின் கையைத் தட்டிவிட்டேன். செலவைப் பற்றி எழுதினால் இன்னும் கெட்ட வார்த்தைதான் வரும், விடுங்கள். இது போதாவிட்டால் ஒரு வயது வாக்கில் உள் காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம், அதற்கு அரசாங்கக் காப்பீடு இருக்கிறது என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் இப்போதிலிருந்தே மெஷின் போட்டுப் பழக்க வேண்டும். விழித்திருக்கிற நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்.

ஆறு மாதம் முடிவதற்குள் மெஷின் வந்துவிட்டது. நான் வேலைக்குத் திரும்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் காது வெறுமையாக இருக்கும். தேடினால் அத்தை கழற்றிப் போட்ட மெஷின் சாமி படத்துக்குக் கீழே குங்கும டப்பாவில் கிடக்கும்.

"கல்லு வாங்க வர்றவன்லாம் இன்னா அதுன்னு கேக்கறான். நாலு பேரு கண்ணு பட்டா நல்லதா? நாளைக்கு எவன் இவனுக்குப் பொண்ணு குடுப்பான்?"

பல்லே முளைக்காத பிள்ளைக்குப் பெண் பார்க்கிறார்! சரவணன் கத்தினார். அத்தை சரி சரி என்பார். மறுநாள் மறுபடி டப்பா. ஒரு நாள் கழற்றினால் ஒரு நாள் போச்சு அத்தை, அந்த நாள் திரும்பி வராது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "வளந்தா தானா சரியாவும். சத்தத்துக்குப் பழகின புள்ள" என்றார். அந்தப் பழைய பாட்டேதான். எனக்கு அவர் போட்ட சோறே கசந்தது.

போன வாரம் எனக்கு லீவு, மெஷின் வந்த பிறகு பகலில் நான் அவனோடு இருந்த முதல் நாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. பட்டறையில் கட்டர் ஓடவில்லை, வீடு வீடாக இருந்தது. கவினுக்கு மெஷினை மாட்டி மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. வேலை தேங்கிக் கிடந்த அவசரத்தில் பின்னால் உடனே கட்டரைப் போட்டார்கள்.

கவினின் உடம்பு விறைத்தது. இரண்டு கையும் விரிந்து அந்தரத்தில் நின்றன. பிறகு ஒரு வீறல். பசிக்கு அழுவான், ஊசிக்கு அழுவான், இந்த அழுகையை நான் கேட்டதில்லை. என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அத்தை தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னாச்சு? எறும்பு கிறும்பு கடிச்சிச்சா?"

கட்டர் ஒரு நிமிஷம் நின்றது. அழுகை விம்மலாக இறங்கியது. மறுபடி கட்டர் கல்லில் ஏறியது. மறுபடி வீறிட்டு என்னை இறுக்கிக்கொண்டான். அவன் தரையில் இல்லை, என் மடியில் இருந்தான். நான் இருந்தது கட்டில்மேல். அத்தை அவனைப் பார்த்தார். பட்டறைப் பக்கம் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினார்.

"நிறுத்துங்கடா! டேய், நிறுத்துங்கடா! புள்ளைக்குக் கேக்குதுடா!"

யாரும் திரும்பவில்லை. சரவணன் முதுகு காட்டிக் குனிந்திருந்தார். வேலைக்காரர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கல்லோடு இருந்தார்கள். அத்தை இன்னும் பெரிதாகக் கத்தினார். அந்தப் பட்டறையில் யாருக்கு எது கேட்கும்? கடைசியில் மீட்டர் பெட்டியிடம் போய் மெயினை அடித்து இறக்கினார். கட்டர் இழுத்து இழுத்து நின்றது. ஃபேனும் நின்றது. தூசியில் வெளுத்துப்போன முகத்தோடு சரவணன், "இன்னாமா? இன்னா ஆச்சு?" என்றபடி வெளியே வந்தார்.

அத்தை அவருக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். அவனைத் தொடக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். மெஷினைக் கழற்றச் சொல்லப்போகிறார் என்று பிள்ளையின் காதைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நான் அந்த வீட்டில் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், கிட்டத்தட்ட ரகசியம்போல, கேட்டார்.

"ரொம்ப பயந்துட்டானா ரேவதி?"

ஆமாம் அத்தை என்றேன். அவன் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தான். நான் அவசரப்பட்டுச் சமாதானம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன்.